ரயில்வே கேட்டில் விழுந்த ஐம்பத்தெட்டு பதில்கள்

ஐம்பத்தெட்டு பேர் ஒரே மாதிரி யோசிப்பார்களா? ஒரு வீட்டில் இருக்கும் மூன்று பேரே ஒரே மாதிரி யோசிப்பதில்லை.

போன வாரம் இந்தக் கேள்வியோடுதான் அவளை விட்டுவிட்டு வந்தோம். வீட்டில் அவளுக்கு 'ஆராய்ச்சி' என்றே பெயர். அம்மா எரிச்சலில் வைத்த பெயர், ஒட்டிக்கொண்டுவிட்டது. கல்லூரி மாணவர்கள் தங்கள் பாடங்களையும் புராஜெக்ட்களையும் ஏன் இணையச் சேமிப்பான கிளவுட்டில் வைக்கிறார்கள், ஏன் சிலர் இன்னும் பென்டிரைவைத் தாலி மாதிரி கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு அலைகிறார்கள் என்று மூன்று வருடமாகத் துருவிக்கொண்டிருக்கிறாள். இருபத்து நான்கு கேள்விகள் கொண்ட ஆன்லைன் படிவம். நானூற்றுப் பன்னிரண்டு மாணவர்களின் பதில்கள். அதில் ஐம்பத்தெட்டு பேர் முதல் கேள்வியிலிருந்து கடைசிக் கேள்வி வரை 'முழுமையாக உடன்படுகிறேன்' என்றே சொல்லியிருந்தார்கள்.

'கிளவுட்டை நம்புகிறேன்' என்பதற்கும் அதுதான் பதில். 'கிளவுட்டை நம்பப் பயமாக இருக்கிறது' என்பதற்கும் அதுதான் பதில்.

இன்று மதியம் மூன்று மணிக்கு ஆய்வுக் குழு கூடுகிறது. அவர்கள் தலையசைத்தால் இந்த மாதமே ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கலாம். அதே துறையில் காலியாக இருக்கும் விரிவுரையாளர் இடத்துக்கு மனுப் போடலாம். இல்லையென்றால் எல்லாம் அடுத்த வருடம்தான்.

காலை ஆறரைக்குச் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, ஐம்பத்தெட்டையும் வந்த நேரத்தின்படி அடுக்கினாள் ஆராய்ச்சி.

எட்டு ஏழு. எட்டு ஒன்பது. எட்டு பத்து. எட்டு பன்னிரண்டு. ஆறு நாட்களில் வந்த பதில்கள், ஆனால் ஒன்றுகூட எட்டு ஏழுக்கு முன்னால் இல்லை. எட்டு இருபதுக்குப் பின்னாலும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஈ காக்கை இல்லை.

"டீ ஆறுது" என்றாள் அம்மா. மருந்துக்கடையில் வேலை. எட்டரைக்கு ஷட்டர் தூக்க வேண்டும், அதனால் காலையில் அவள் பேச்செல்லாம் இரண்டு வார்த்தைதான்.

அப்பா வாசல்படியில் உட்கார்ந்து ஷூவுக்குப் பாலீஷ் போட்டுக்கொண்டிருந்தார். அவள் படிக்கும் அதே கல்லூரியில் நாலாம் நம்பர் பஸ்ஸின் டிரைவர். பதினாறு வருடமாக ஒரு கீறல் விழாத வண்டி. ஷூவிலும் விழாது.

"இன்னிக்காவது அந்தக் கேட்டுல மாட்டாம போகணும்" என்றார் அவர், யாரிடம் என்றில்லாமல். "எட்டு ஏழுக்கு மூடினான்னா எட்டு இருபதுக்குத்தான் திறக்கிறான். பதிமூணு நிமிஷம். ஒரு கூட்ஸ் வண்டி போறதுக்குப் பதிமூணு நிமிஷம்! சாயங்காலம் மூணே முக்காலுக்கும் இதே கூத்துதான்!"

ஆராய்ச்சியின் கை டீ கிளாஸிலேயே நின்றுவிட்டது.

"அப்பா."

"என்ன கண்ணு?"

"பஸ்ல யார்கிட்டயாவது என் படிவத்தைக் காட்டினீங்களா?"

அப்பாவின் முகம் மலர்ந்ததே, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு எழுந்தே வந்துவிட்டார். "கண்டுபிடிச்சிட்டியா! இன்னிக்கு மீட்டிங் முடிஞ்சதும் சொல்லலாம்னு வச்சிருந்தேன். எண்ணிப் பாரு, ஐம்பத்தெட்டு!"

அவருக்கு எண்ணிக்கை நன்றாகவே தெரியும். போன மாதம் அவள் முந்நூற்று ஐம்பத்து நான்கில் சிக்கிக்கொண்டு, நானூறு சேரவே சேராது என்று இந்த மேசையில் தலைவைத்து அழுதபோது பார்த்தவர் அவர். 'பதிலெல்லாம் வந்து விழற அந்த ஷீட்டை எனக்கும் காட்டேன்' என்று கேட்டு வாங்கிக்கொண்டு, தினமும் சாயங்காலம் ஸ்கோர் பார்ப்பது போல எண்ணிக்கையைப் பார்த்தவரும் அவரே. அவசரத்தில் அவள் பார்க்கும் உரிமை, திருத்தும் உரிமை இரண்டையும் சேர்த்தே கொடுத்துவிட்டாள். அப்பாதானே, என்ன ஆகிவிடப் போகிறது?

"எப்படிப்பா?"

"கேட்டு மூடியிருக்கறப்ப பசங்க சும்மாதானே உட்கார்ந்திருக்காங்க? என் போனை முதல் சீட்டுப் பொண்ணுகிட்ட குடுத்தேன். போட்டுட்டுப் பின்னாடி தள்ளி விடும்மான்னேன். ஆறு நாள்ல கடைசி சீட்டு வரைக்கும் போயிட்டு வந்துருச்சு. தங்கமான பசங்க. ஒருத்தன்கூட முடியாதுன்னு சொல்லல."

"லிங்க்கை அவங்க போனுக்கு அனுப்பியிருக்கலாமே?"

"அதெப்படி? பொம்பளைப் பசங்க நம்பரையெல்லாம் டிரைவர் வாங்கி வச்சுக்கிட்டா நல்லாவா இருக்கும்?"

மரியாதையான மனிதர் மரியாதையான காரணத்துக்காகச் செய்த வேலை. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காகிவிட்டது. பஸ் நிற்கும் பதிமூன்று நிமிடத்தில் பத்துப் பேராவது போட வேண்டுமென்றால், எந்தப் பையன் கேள்வியைப் படிப்பான்? பக்கத்து சீட்டுக்காரன் எதை அழுத்தினானோ அதை அழுத்திவிட்டு போனைப் பின்னால் தள்ளியிருக்கிறார்கள்.

அதற்குள் அம்மா சமையலறையிலிருந்து வந்து நின்றாள். கையில் கரண்டி.

"போனா? பஸ்ல எப்படிப் போன் வந்துச்சு?"

அப்பா திரும்பிப் போய்ப் பிரஷ்ஷைக் கையில் எடுத்துக்கொண்டார்.

பேசாததற்குக் காரணம் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் வேறொரு கல்லூரி பஸ் மரத்தில் மோதியதிலிருந்து இங்கே கடுமையான விதி. காலையில் டிரைவர்கள் தங்கள் போனை அலுவலகப் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் சாவி வாங்க வேண்டும். ஏழாம் நம்பர் டிரைவர் ஆஸ்பத்திரியில் இருந்த மனைவியின் அழைப்பை எடுத்தார். வண்டி நின்றுகொண்டுதான் இருந்தது என்று தலையில் அடித்துக்கொண்டு சொன்னார். அன்று சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

"பெட்டியில போடறது பழைய போனு" என்றார் அப்பா கடைசியில், தரையைப் பார்த்துக்கொண்டு. "நாப்பது பசங்களை வச்சுக்கிட்டு நடுரோட்டுல வண்டி நின்னுச்சே, ஞாபகம் இருக்கா? அன்னிக்கு ஒருத்தனைக் கூப்பிட வழியில்ல. அதுலேருந்து ஒண்ணு சட்டைக்குள்ள வச்சிருக்கேன். ஓட்டறப்ப தொட்டதில்ல. ஒரு நாள்கூடத் தொட்டதில்ல."

"அது உங்களுக்குத் தெரியும். அந்தச் சாவிக்கொத்துக்குத் தெரியுமா?" என்றாள் அம்மா. சாவிக்கொத்து என்பது நிர்வாக அதிகாரி. கல்லூரியின் எல்லா அறைச் சாவியும் எல்லா பஸ் சாவியும் அவர் இடுப்பில்தான். பிறகு மகள் பக்கம் திரும்பினாள். "நீ வாயைத் திறக்காதே. நானூத்திச் சொச்சம்னு இருக்கு இல்ல? இருந்துட்டுப் போகட்டும்."

"அது பொய்ம்மா."

"பொய்யா? ஐம்பத்தெட்டு பசங்களும் நிஜம்தானே?"

"பசங்க நிஜம். பதில் பொய்."

"தப்பாம்மா?" என்று அப்பா மெதுவாகக் கேட்டார்.

அங்கே அவள் வாயை அடக்கியிருக்கலாம். அடக்கவில்லை. "உங்களை யாருப்பா கேட்டா? மூணு வருஷம்! மூணு வருஷத்தை ஒரு ரயில்வே கேட்டுல வச்சு முடிச்சுட்டீங்க."

அப்பா ஒரு ஷூவுக்குத்தான் பாலீஷ் போட்டிருந்தார். மற்றொன்றை அப்படியே மாட்டிக்கொண்டு கிளம்பினார். டீ மேசையிலேயே இருந்தது.

அவர் போன பிறகு அவள் ஷீட்டின் பகிர்வுப் பட்டியலைத் திறந்தாள். மூன்று பெயர்கள்: அவள், வழிகாட்டிப் பேராசிரியை, அப்பா. அப்பாவின் பெயருக்குப் பக்கத்தில் 'நீக்கு' என்றிருந்தது. கோபம் தலைக்கேறித்தான் இருந்தது. ஆனாலும் விரல் அங்கே போகவில்லை. மூடிவிட்டாள்.

பதினொன்றரைக்கு வழிகாட்டியின் அறை. மேடம் கெட்டவரில்லை. முதல் வருடம் அவள் காய்ச்சலில் படுத்தபோது வீட்டுக்கு வந்து பார்த்தவர். ஆனால் இந்த ஆய்வின் சுருக்கம் மேடத்தின் பெயரையும் சேர்த்து, நானூற்றுப் பன்னிரண்டு என்ற எண்ணோடு ஒரு கருத்தரங்க மலரில் அச்சாகிவிட்டது.

"அந்த ஐம்பத்தெட்டை எடுத்துட்டா என்ன ஆகுது?" என்று, அவள் எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகு கேட்டார்.

"மொத்தம் நானூறுக்குக் கீழே போயிடுது மேடம். அதைவிட... நண்பர்களைப் பார்த்துத்தான் மாணவர்கள் கிளவுட்டுக்கு வர்றாங்கன்னு முடிவு சொன்னோமே, அது நிக்கலை."

மேடம் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"இது யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

"கமிட்டியில யாருக்குத் தெரியும்னு கேட்டேன்."

"யாருக்கும் தெரியாது."

"பஸ்ல வந்தது மாணவங்கதானே? அழுத்தினது அவங்க விரல்தானே? உன் கிளாஸ்ல உட்கார்ந்து போட்டவன் மட்டும் ஒவ்வொரு கேள்வியையும் உருகி உருகிப் படிச்சானா?" மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்கும்போது இவளைப் பார்க்கவில்லை. "எடுத்தா ஏன் எடுத்தேன்னு கேட்பாங்க. ஏன்னு சொன்னா யாருன்னு கேட்பாங்க. உங்கப்பா நிலைமையை யோசிச்சுப் பாரு. மூணு மணிக்கு நானூத்திப் பன்னிரண்டோட வா. இல்லேன்னா என் கையெழுத்தை எதிர்பார்க்காதே."

இப்படி எல்லோரும் அப்பாவின் நன்மைக்காகவே பேசினார்கள். அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. நல்லதுக்குத்தான் என்று தொடங்கிய வேலைதானே இதுவும்?

ஒரு மணிக்கு அம்மா கடையிலிருந்து போன் செய்தாள். பின்னணியில் யாரோ இருமிக்கொண்டிருந்தார்கள்.

"சாப்பிட்டியா?"

"இல்ல."

"உங்கப்பாவுக்கு அறிவு இருக்கா? நீயே சொல்லு. பொண்ணு படிப்புல போய் இவர் எதுக்குக் கையை வைக்கணும்? இங்கே ஒரு டப்பாவுல வேற மாத்திரை ரெண்டு கலந்துடுச்சுன்னு வை, மொத்த டப்பாவையும் தூக்கிக் கடாசிடுவோம். நல்ல மாத்திரைதான், விலை உசத்தின்னு எவனாவது விப்பானா? எடுத்துச் சாப்பிடறவன் கதி என்ன..."

சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். தான் எந்தப் பக்கம் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று அவளுக்கே புரிந்துவிட்டது.

"அம்மா?"

"கஸ்டமர் வந்திருக்காங்க" என்று வைத்துவிட்டாள்.

மூன்று மணி. குழுவின் அறையில் நீள மேசை, சுவரில் வெள்ளைத் திரை. துறைத்தலைவர் நடுவில். மேடம் வலப்பக்கம். இடப்பக்கம் நிர்வாக அதிகாரி. ஆய்வுக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் எந்தக் குழுவிலும் நிர்வாகத்தின் கையெழுத்து வேண்டும் என்பதால் வந்து உட்கார்ந்திருப்பார். சாவிக்கொத்தைக் கழற்றி மேசைமேல் வைத்திருந்தார்.

அரை மணி நேரம் எல்லாம் ஒழுங்காகப் போனது. ஏன் இந்தத் தலைப்பு, எப்படிக் கேள்விகள் தயாரித்தாள், எந்தெந்தத் துறைகள். கம்ப்யூட்டர் துறைப் பசங்களைவிட வரலாற்றுத் துறைப் பசங்கதான் கிளவுட்டை அதிகம் பயன்படுத்துகிறார்கள் என்று அவள் சொன்னபோது துறைத்தலைவர் சிரிக்கக்கூடச் செய்தார்.

"சரி, உங்க டேட்டாவைக் காட்டுங்க."

அவள் ஷீட்டைத் திறந்தாள். திரை முழுக்கக் கட்டங்கள். மேலே நானூற்றுப் பன்னிரண்டு என்ற எண். மேடம் பேனாவை மூடி வைத்துவிட்டு அவளையே பார்த்தார்.

இதை அப்படியே விட்டால் பத்து நிமிடத்தில் வெளியே போய்விடலாம். நாலைந்து கேள்வி, ஒரு கைகுலுக்கல், கையெழுத்து. அப்பா சாயங்காலம் வந்து, மிச்சமிருந்த ஷூவுக்குப் பாலீஷ் போடுவார். யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை. நாளை யாரோ ஒருவர், எங்கேயோ ஒரு கல்லூரியில், இந்த முடிவை நம்பி ஏதாவது செய்வார். அவர் முகம்கூட அவளுக்குத் தெரியப்போவதில்லை.

எடுத்துச் சாப்பிடுகிறவன் கதி என்ன?

"சார், இதுல ஐம்பத்தெட்டு பதிலை நான் எடுத்துடறேன்" என்றாள். குரல் அவளுடையது போலவே இல்லை.

மேடம் கண்ணை மூடித் திறந்தார்.

"ஏன்?" என்றார் துறைத்தலைவர்.

"எல்லாமே ஒரே போன்லேருந்து வந்தது சார். படிக்காம போட்டது. எனக்கு இன்னிக்குக் காலையிலதான் தெரிஞ்சது. இதை எடுத்துட்டா எண்ணிக்கை குறையுது, நான் எழுதின முக்கியமான முடிவும் நிக்கலை. திரும்பவும் டேட்டா சேகரிக்க அனுமதி குடுங்க."

"அது ரெண்டாவது விஷயம்" என்று துறைத்தலைவர் முன்னால் சாய்ந்தார். "ஒரே போன்லேருந்து ஐம்பத்தெட்டு பதில்னா, யாரோ பொய்யா நிரப்பியிருக்காங்க. நீங்களா?"

"இல்லை சார்."

"அப்ப யாரோட போன்?"

சுவர்க் கடிகாரத்தில் மூன்று ஐம்பத்திரண்டு. நிர்வாக அதிகாரி இதுவரை வாயே திறக்கவில்லை. இப்போது அவரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

'என் போன்' என்றால் மோசடி. மூன்று வருடம் போகட்டும், இனி எந்தக் கல்லூரியும் அவளை உள்ளே விடாது. 'அப்பா போன்' என்றால் பதினாறு வருடம். 'என்' என்று சொல்ல வாயெடுத்தாள்.

"அதென்ன?" என்றார் நிர்வாக அதிகாரி, திரையைக் காட்டி.

அவள் திரும்பிப் பார்த்தாள். ஐம்பத்தெட்டில் முதல் வரிசைக்குப் பக்கத்தில், காலியாக இருந்த ஒரு கட்டத்தைச் சுற்றிப் பச்சை நிறத்தில் கோடு. ஷீட்டில் யார் எந்தக் கட்டத்தில் விரல் வைத்தாலும் அவருக்கென்று ஒரு நிறத்தில் கோடு வரும்; அவள் கோடு நீலம். மேடத்தின் கை மேசைமேல் இருந்தது.

கட்டத்துக்குள் ஒரு வரி வந்து விழுந்தது.

'இந்த போன் என்னோடது. நாலாம் நம்பர் பஸ் டிரைவர்.'

பச்சைக் கோடு கீழே இறங்கியது. சற்று நேரம் ஒன்றுமில்லை. ஒற்றை விரலால் தட்டுகிறவருக்கு நேரம் ஆகும். அடுத்த வரி.

'பெட்டியில இருக்கறது பழைய போன்.'

கோடு இன்னும் ஒரு கட்டம் இறங்கியது.

'என் பொண்ணுக்கு இது தெரியாது. அவ கேக்கல. நான்தான் செஞ்சேன். அவ மூணு வருஷத்தைக் கெடுத்துராதீங்க.'

ஆராய்ச்சிக்குக் கண்ணில் நீர் முட்டியது. காலையில் அவள் சொன்ன வார்த்தையை நாள் முழுக்க வண்டியில் வைத்து ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார் மனிதர். மூன்று மணி மீட்டிங்கில் இந்த ஷீட்டைத்தான் திறப்பாள் என்று அவருக்குத் தெரியும். அவள்தானே பத்து தடவை சொல்லியிருக்கிறாள்!

நிர்வாக அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். "மூணரைக்கே பஸ்ஸெல்லாம் கிளம்பியாச்சு. அறுபது பிள்ளைங்க வண்டியில. ஓட்டிக்கிட்டே எழுதறானா இவன்?"

"இல்ல சார். அவர் அப்படி..."

"கூப்பிடறதுக்கு நம்பர் என்ன?"

"ரிங் போனா வண்டியில எடுக்க மாட்டார் சார்."

"அப்ப அதுலயே எழுதும்மா!" அவர் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். குரல் ஏறியது. அது கோபமா, மரத்தில் மோதிய அந்தப் பழைய பஸ்ஸின் ஞாபகமா என்று சொல்ல முடியவில்லை. "வண்டியை ஓரமா நிறுத்தி இறங்கச் சொல்லு. வேற டிரைவரை அனுப்பறேன். எழுது!"

மேடம் மெல்ல லேப்டாப்பை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். அவருடைய பேனா இன்னும் மூடியேதான் இருந்தது.

பச்சைக் கோடு அடுத்த கட்டத்தில் நின்றுகொண்டிருந்தது. அப்பா இன்னும் ஏதோ எழுதப் பார்க்கிறார். அவள் பக்கத்துக் கட்டத்தில் விரலை வைத்து 'அப்பா' என்று தட்டினாள். அடுத்த வார்த்தை வரவில்லை. இறங்கிவிடுங்கள் என்று அவரிடம் எப்படி எழுதுவது?

அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பச்சைக் கோடு மறைந்தது. திரையின் மேல் மூலையில் அவர் பெயருக்கு இருந்த பச்சை வட்டமும் போய்விட்டது. காலிக் கட்டம் காலியாகவே இருந்தது.

"என்ன ஆச்சு? ஏன் போயிட்டான்? வண்டிக்கு ஏதாவது..." நிர்வாக அதிகாரியின் குரல் உடைந்தது.

ஆராய்ச்சி கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று ஐம்பத்தெட்டு. பிறகு, மூன்று வருடமாகப் பழகிய அந்தக் கட்டங்களைப் பார்த்தாள்.

"ஒண்ணும் ஆகலை சார்" என்றாள். "கேட்டு திறந்துட்டாங்க. வண்டியை எடுக்கணும் இல்லையா, போனை உள்ளே வச்சுட்டார்."

அவர் நம்பவில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டே வாசலை நோக்கி ஓடினார். திரையில் 'அப்பா' என்ற ஒற்றைச் சொல் மட்டும், அதைப் படிக்க வேண்டியவர் படிக்காமல், நின்றுகொண்டிருந்தது.